‘பசியில்’ என்று எழுத வேண்டாம்

மேடையில் வைக்கிற பாண் இரண்டு வகை. ஒன்று, நடிகர் கடித்து விழுங்குவது. அது அன்று காலை பேக்கரியிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். மற்றது, கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பாணாகத் தெரிந்தால் போதும் என்பது. அதை ஒருமுறை காயவைத்து வார்னிஷ் பூசிவிட்டால் நாடகம் முடியும்வரை கிடக்கும். பூஞ்சணம் பிடிக்காது, எலியும் தொடாது.

நீங்கள் நாலு பேரும் மேடைச் சாமான் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வார்னிஷ் பூசுவது எப்படி என்பதை யாரும் ஒரு மணித்தியாலத்தில் காட்டித் தருவார்கள். நான் சொல்லப்போவது அந்த இரண்டு வகைப் பாணும் ஒரே மேசையில் இருந்த ஒரு பிற்பகலைப் பற்றி. இருபத்தாறு வருஷம் இந்தத் தொழில் செய்தேன். என் கையால் ஒரு மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த ஒரு தடவைதான்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது எண்பத்துநாலில். ஊரில் மனையியல் ரீச்சர். இங்கே டவுன்ரவுணில் ஒரு நாடக அரங்கில் துப்புரவு வேலை கிடைத்தது. ஒருநாள் குப்பை எடுக்கப் போனபோது, மேடைச் சாமான் பகுதியின் தலைவர் கடதாசிக் கூழில் செய்த ஒரு பொரித்த கோழிக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். பொரித்த தோல் எல்லா இடமும் ஒரே நிறமாக இராது, எலும்பு முட்டுகிற இடத்தில் கூடக் கறுக்கும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தூரிகையை என்னிடம் நீட்டினார். இரண்டு கிழமைக்குப் பிறகு துடைப்பத்தை விட்டு அவருடைய பகுதிக்கு மாறினேன்.

எனக்குத் தொழில் தெரியும் என்றால் அது அவர் தந்தது. ஒரு சாப்பாட்டை மேடைக்கு அனுப்புமுன் நாங்களே ஒரு வாய் சாப்பிட்டு, அந்த நடிகர் அடுத்துச் சொல்லவேண்டிய வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்பார். வசனம் வராவிட்டால் சாப்பாடு பிழை, நடிகர் பிழையில்லை. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவரைப் பற்றி இன்னொன்றும் பிறகு சொல்லவேண்டி வரும்.

எண்பத்தேழு குளிர்காலத்தில் நானூறு வருஷப் பழமையான ஒரு ஆங்கில நாடகத்தை எடுத்தார்கள். அதிகம் பேர் அறியாத நாடகம். ஒரு நகரத்தில் பஞ்சம். ஆளுநர் தானியக் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு, வெளிநாட்டுத் தூதருக்கு ஒரு விருந்து வைக்கிறான். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதற்காக வாசல் கதவுகளைத் திறந்துவிடச் சொல்கிறான். மணம் பிடித்துச் சனம் வந்து நிற்கிறது. நாடகத்தின் நடுப்பகுதி அந்த விருந்துதான்.

ஒத்திகைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்து விளக்கம் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்த வருஷங்கள் இருந்தன, தானிய வண்டிகளை மறித்த சனங்களும் இருந்தார்கள். ஆனால் எந்த நாடகத்தையும் மேடை ஏறுமுன் அரசாங்க அதிகாரி ஒருவர் வாசித்து, வேண்டாததை வெட்டிவிடுவார். ஆகவே பசியைப் பற்றி எழுத விரும்பியவர்கள் கதையை வேறொரு நாட்டில் வைத்தார்கள். சொல்லவேண்டிய உண்மையைக் கோமாளியின் வாயில் வைத்தார்கள். யாரும் கேட்டால், அவன் கோமாளிதானே என்று சொல்லித் தப்பலாம். இந்த நாடகத்தில் விருந்துப் பதார்த்தங்களின் பட்டியலே இரண்டு பக்கம் போகிறது, பசித்த சனத்துக்கு மொத்தம் பதினொரு வரிதான், அதைக் கவனியுங்கள் என்றார். நெறியாளர் தலையாட்டினார். ஆனால் அவருடைய யோசனை வேறு. மேடைக்கு வருகிற சனம் பார்வையாளருக்குப் பயம் தரவேண்டும் என்று நினைத்தார்.

ஒருநாள் அவர் என்னைத் தேடி வந்தார். அதற்கு முன் அவர் என்னோடு பேசியதில்லை. கூட்டத்தில் நிற்க ஆட்கள் வேண்டும், வசனம் இல்லை, முகம் வேண்டும் என்றார். உங்கட ஆக்களில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். என்ன மாதிரி முகம் என்று கேட்டிருக்கவேண்டும். என்னை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் கேட்கவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்து உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டினேன். ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரையும் வரிசையில் விட்டு நெறியாளர் பார்த்த விதத்தில், அவர் கன்ன எலும்பைத்தான் பார்க்கிறார் என்று விளங்கியது. அதற்குப் பிறகும் நான் மொழிபெயர்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆறு பேரில் மூத்தவர் மட்டக்களப்புப் பக்கத்து மனிதர், ஐம்பது தாண்டியவர். ஊரில் ஏராளம் வயல் வைத்திருந்த போடியார். நானும் அப்படியே கூப்பிட்டேன். மனைவியும் இரண்டு மகள்மாரும் இன்னும் ஊரில். அகதி வழக்கு முடியவில்லை, வேலைப் பெர்மிட் மட்டும் கையில் இருந்தது. ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்றில் வேறு நாலு பேரோடு இருந்தார். இயல்பாகவே மெலிந்த உடம்பு. சொன்ன இடத்தில் நிற்பார், சொன்ன நேரத்தில் வருவார். கையை நீட்டு என்றால் நீட்டுவார். ஒத்திகை முடிந்ததும் என்னிடம் வந்து, “வாறன் தங்கச்சி” என்று சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை.

விருந்து மேசையை நான்தான் அடுக்கினேன். ஆளுநரும் தூதரும் இருக்கிற வலது முனையில் உண்மையான சாப்பாடு: பாண், அவித்த கோழி, வெட்டிய பழம். மீதி முழுவதும் பொய். பாண் மட்டும் இருபதுக்கு மேல் வார்னிஷ் பூசி வைத்திருந்தேன். அழகாக இருந்தன. வெளிச்சத்தில் நெய் தடவியதுபோல மினுங்கின. சனம் வருவது இடது பக்கத்தால். மேசையிலிருந்து நாலடி தள்ளி அவர்களைக் காவலர்கள் மறித்துவிடுவார்கள். கைகளை நீட்டுவார்கள், தொடமாட்டார்கள். அப்படித்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். ஆகவே எது பொய், எது மெய் என்று நான் எதிலும் அடையாளம் இடவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

முதற்காட்சிக்கு இரண்டு கிழமைக்கு முன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு பிற்பகல் காட்சி. நெறியாளர் கூட்டத்தை மேடையில் கூப்பிட்டு வைத்து, முந்திய நாள் கண்ட குறைகளைச் சொன்னார். சனத்தில் உயிரில்லை என்றார். இன்றைக்குக் காவலர்கள் ஒரு கணம் பிந்தி மறிப்பார்கள், நீங்கள் மேசைக்குப் போங்கள், எடுங்கள், கடியுங்கள், பசித்தவன் எப்படித் தின்பான் என்று இந்தப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றார். கூட்டத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதை மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார்.

நான் மேடை ஓரத்தில் பழத் தட்டோடு நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டேன்.

அந்த இடத்தில் வாயைத் திறக்க மூன்று செக்கன் போதும். ஏன் திறக்கவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் நெறியாளர், நான் நேற்று வரை தரை துடைத்தவள் என்பது ஒன்று. மேடை முகாமையாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தது இன்னொன்று. அவர் அந்த நேரம் ரெலிபோனில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையான காரணம் இவை எல்லாவற்றையும் விடச் சின்னது. பழம் கறுக்கத் தொடங்கியிருந்தது. வேறு வெட்டவேண்டும், நேரமில்லை என்று போய்விட்டேன். பெரிய பிழைகள் இப்படித்தான் நடக்கும், பிள்ளைகள். கையில் ஏதோ ஒரு அவசர வேலை இருக்கும்.

திரும்பி வந்தபோது காட்சி தொடங்கிவிட்டது. இடது பக்கத்தால் சனம் வந்தது. காவலர்கள் பிந்தினார்கள். ஆறு பேரில் இருவர் மேசையிலிருந்து பாணை எடுத்தார்கள். ஒருவர் கடித்த உடனே துப்பிவிட்டார். போடியார் துப்பவில்லை. நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் தாடை நின்றது. பிறகு மெல்ல அசைந்தது. விழுங்கினார். இன்னும் ஒரு முறை கடித்தார். பிள்ளைகள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நெறியாளர் விரும்பியது கிடைத்திருக்கும்.

மேடையை விட்டு வந்ததும் போடியார் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உதடு வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்டார், குடிக்க முடியவில்லை. பிறகு வாந்தி. பகுதித் தலைவர் ஓடி வந்து ஒரு தடவை பார்த்தார். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. வார்னிஷ் தகரத்தை எடுத்துக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போ, அதில் இருக்கிற லேபிளை டொக்டர் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். அம்புலன்ஸில் அந்தத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். டொக்டர் லேபிளை இரண்டு முறை வாசித்துவிட்டு வேறு டொக்டரைக் கூப்பிட்டார். தகரம் வந்திராவிட்டால் ஒரு பிழையான மருந்தைக் கொடுத்திருக்கக்கூடும் என்று பிறகு ஒரு நேர்ஸ் சொன்னா.

பின்னேரம் அவருக்குக் கொஞ்சம் பேச முடிந்தது. ஏன் துப்பவில்லை என்று கேட்டேன்.

“அவ்வளவு பிள்ளைகள் பாத்துக்கொண்டு இரிக்கக்குள்ள வாயில வச்ச சாப்பாட்ட எப்பிடித் துப்புற?” என்றார். பிறகு, “பாண் இல்லையா அது?” என்று கேட்டார்.

பாண்தான், மேலே நான் வார்னிஷ் பூசியிருந்தேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கோபித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அன்று காலை நிர்வாகி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டா. நல்ல மனுஷி, எனக்குத் துப்புரவு வேலை தந்ததும் அவதான். மேசையில் ஒரு பக்க அறிக்கை ரைப் பண்ணி இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். அதில் எழுதியிருந்தது இதுதான்: கூட்டத்தில் நின்ற ஒரு நபர், பசியின் காரணமாக, அனுமதியில்லாமல், உண்ணத் தகாத மேடைப் பொருளொன்றை உட்கொண்டார். நெறியாளரைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பற்றியும் இல்லை. நான் வாசித்து முடித்ததும் அவ மெல்லிய குரலில் சொன்னா, அந்த மனிதரை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை, அகதியாக வந்தவர், அவருடைய நிலைமை எல்லோருக்கும் விளங்கும் என்று.

அவ மனமறிந்து பொய் சொல்லவில்லை. அந்த வரியை நம்பினா. மெலிந்த, வெளிநாட்டு மனிதர் ஒருவர் பாணைத் தின்றார் என்றால் பசியைத் தவிர வேறு காரணம் அவவுக்குத் தோன்றவேயில்லை. காட்சி நடந்த அன்று மத்தியானம் அவர் சோறும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தவர். எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து தந்தவர். பின்னேரம் வரை நேரம் தாருங்கள் என்று கேட்டேன். தந்தா.

வெளியே பகுதித் தலைவர் நின்றார். அறிக்கை அவருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்து வை என்றார். “அந்த ஆள் நாளைக்கு இங்கே இருக்கமாட்டார். நீ இருக்கவேண்டும்.” என்னை வளர்த்துவிட்ட மனிதர், என் நன்மைக்காகவே சொன்னார். தகரத்தை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னவரும் இவர்தான். ஒரு நெருக்கடியில் சரியாக யோசிக்கிற ஆள் அடுத்த நெருக்கடியிலும் சரியாக யோசிப்பார் என்று எதிர்பார்க்கவேண்டாம். தொழிலில் உங்களுக்கு வழிகாட்டுகிறவர்களை மதியுங்கள். ஆனால் அவர்கள் சொல்வதை ஒவ்வொரு தடவையும் புதிதாக நிறுத்துப் பாருங்கள்.

ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருப்பதை அந்த மனிதர் அறியவேண்டும் என்று மட்டும் அப்போது எனக்குத் தெளிவாக இருந்தது. அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு, உறைபனியில் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு நடந்து போனேன். அவர் சோபாவில் போர்வையோடு இருந்தார். தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“பசியில எண்டா எழுதியிரிக்கு?”

“ஓம்.”

சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கள்ளன் எண்டு எழுதினாலும் பறுவாயில்ல. பசியில எண்டு எழுத வேணாம், தங்கச்சி. பொஞ்சாதிக்கு மாதம் மாதம் கடிதம் போடுறன், நல்லாச் சாப்பிடுறன் எண்டு. அது பொய்யில்ல.”

அப்படியென்றால் நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று கேட்டேன். அதற்கும் அவருக்கு விருப்பமில்லை. வழக்கு விசாரணைக்கு இருக்கிறது, ஒரு பெரிய மனிதரோடு பிரச்சினைப்பட்ட ஆள் என்று பெயர் வரக்கூடாது என்றார். நான் உங்களுக்காகப் பேசவில்லை, நீங்கள் முறைப்பாடு செய்ததாகவும் எழுதமாட்டேன், நான் செய்ததையும் என் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுவேன் என்றேன். அதில் நெறியாளர் பெயர் வருமே என்றார். வரும் என்றேன். போர்வையின் நுனியைத் திரித்துக்கொண்டு இருந்தார்.

“நீ கேட்டத நீ எழுது. அது உன்ட கணக்கு.”

திரும்பி வந்து கையால் எழுதினேன். ஒரு பக்கம் கூட வரவில்லை. பாணுக்கு வார்னிஷ் பூசியது நான். அடையாளம் இடாதது நான். காட்சிக்கு முன் நெறியாளர் கூட்டத்தை மேசையிலிருந்து எடுத்துக் கடிக்கச் சொன்னார். அதை நான் கேட்டேன். மேசையில் பொய்ச் சாப்பாடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்த நடிகர் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தார். ‘நபர்’ என்று எழுதவில்லை, ‘நடிகர்’ என்று எழுதினேன். பசி என்ற சொல் எங்கேயும் இல்லை.

நிர்வாகி வாசித்தா. திரும்பவும் வாசித்தா. இது உன்னையே மாட்டிவிடுகிறதே என்றா. ஓம் என்றேன். நெறியாளரைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டா. அதை எடுத்தால் என்னைப் பற்றிய வரியும் பொய்யாகிவிடும், நான் எதைக் கேட்டும் பேசாமல் இருந்தேன் என்பது இல்லாமல் போய்விடும் என்றேன். நல்ல வாதம் என்று சொல்லமாட்டேன். அந்த நேரம் வாயில் வந்தது அதுதான்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. என்னை ஒரு கிழமை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். என்னுடைய அறிக்கை எங்கோ ஒரு கோவைக்குள் போனது. ரைப் பண்ணிய அறிக்கையை யாரும் பிறகு வெளியே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை அரங்கு ஏற்றது. போடியாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போனது, பெயரில் இரண்டு எழுத்துப் பிழையோடு. பகுதித் தலைவர் ஒரு மாதம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் திரும்பி வந்தபோது சுவரில் அவருடைய கையெழுத்தில் ஒரு உத்தரவு தொங்கியது: உண்ணத் தகாத ஒவ்வொரு பொருளின் அடியிலும் சிவப்பு மை. அந்த வழக்கம் அன்று தொடங்கியது.

ஆறு பேரில் நாலு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைப் பிடித்தார்கள். போடியார் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, ஒப்புக்கொண்ட வேலைதானே என்றார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று நெறியாளர் என்னைக் கூப்பிட்டார். அறிக்கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த மூத்த மனிதர் விருந்துக் காட்சியில் கையை நீட்டுவதில்லை, தமிழில் ஏதோ சொல்கிறார், என்ன என்று கேட்டுச் சொல் என்றார்.

பக்கத்திரையில் நின்று பார்த்தேன். மற்றவர்கள் கைகளை நீட்டிச் சத்தமிட்டார்கள். போடியார் காவலருக்கு இந்தப் பக்கம் நின்றார், இரண்டு கையையும் முன்னால் கட்டியபடி. மேசைப் பக்கம் பார்க்கவேயில்லை. ஆளுநராக நடித்தவரின் முகத்தைப் பார்த்து, அமைதியாக, “பிள்ளைகள் சுகமா இரிக்காங்களா?” என்று கேட்டார். பிறகு, “மழை வரும் போல இரிக்கு” என்றார். ஆளுநர் வேடக்காரருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வாய்க்குக் கொண்டுபோன கோழித்துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். ஒத்திகையில் அவர் அப்படிச் செய்ததில்லை.

பிள்ளைகளைச் சுகம் விசாரிக்கிறார் என்று நெறியாளரிடம் சொன்னேன். யாருடைய பிள்ளைகளை என்றார். ஆளுநருடைய பிள்ளைகளை என்றேன். யோசித்தார். அப்படியே செய்யட்டும் என்றார். அடுத்த நாள் கூட்டம் முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நிற்கச் சொன்னார். முதற்காட்சிக்குப் பிறகு வந்த பத்திரிகை விமர்சனம் ஒன்றில் அந்த இடத்தை நெறியாளரின் நுட்பமான கற்பனை என்று பாராட்டியிருந்தார்கள். போடியாருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

உங்களுக்கு எப்படி அது தோன்றியது என்று அப்போதுதான் கேட்டேன். அடுத்த காட்சிக்கு அழைப்பு வரும்வரை மேடைக்குப் பின்னால் இரண்டு கதிரையில் இருந்தோம்.

“மழை பிழைச்ச வருசம் ஒண்டு” என்றார். “என்ட வீட்டில ஒரு அறை முட்ட நெல்லு மூட்ட. ரெண்டு மாசம் பொறுத்தா விலை ஏறும் எண்டு ஏவாரி சொன்னான். நானும் பூட்டித்தான் வச்சிருந்தன். என்ட வயலில வேலை செஞ்ச ஆக்கள் வந்தாங்க. ஒருத்தரும் நெல்லுக் கேக்கல்ல. வீட்டு முற்றத்தில நிண்டு பிள்ளைகள் சுகமா எண்டு கேட்டாங்க. மழையப் பத்திப் பேசினாங்க. அந்த அறைப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல்ல.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“சுகம் எண்டன். சொல்லிட்டு உள்ள போய்ச் சாப்பிட்டன்.”

மேடை ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் எழும்பி, கிழிந்த சால்வையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குப் பின்னால் நடந்து போனார்.